மால்லாக்கை மாற்றப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சர்வர் நாள்கணக்கில் ஓடி மெமரியை விழுங்கத் தொடங்கியதும், குழுவில் யாராவது ஒருவர் "ஜெமால்லாக் போட்டுப் பாருங்கள்" என்பார். நிரல் கேட்கும் மெமரியைப் பிரித்துக் கொடுக்கும் பகுதிக்கு அலோகேட்டர் என்று பெயர். சி மொழியில் மெமரி கேட்கும் ஃபங்ஷன் மால்லாக், அதை விடுவிப்பது ஃப்ரீ. இவற்றுக்கு மாற்றாக வரும் ஓர் அலோகேட்டர்தான் ஜெமால்லாக். நாம் சொல்லும் லைப்ரரியை முதலில் ஏற்ற வைக்கும் எல்டி_ப்ரீலோட் என்ற சூழல் மாறியில் ஒரே வரி போதும். நிரலைத் திரும்பக் கம்பைல் செய்யக்கூடத் தேவையில்லை. பல இடங்களில் இது பலித்திருக்கிறது. லினக்ஸில் ரெடிஸ் டேட்டாபேஸ் ஜெமால்லாக்கோடுதான் வருகிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2008-இல், தன் 3ஆம் பதிப்பில் அதற்கு மாறியது. ரஸ்ட் மொழியோ எதிர்த்திசையில் போனது: அதுவரை உடன் வந்த ஜெமால்லாக்கை 2019 ஜனவரியில் 1.32 பதிப்பில் நீக்கிவிட்டு, கணினியில் ஏற்கெனவே இருக்கும் அலோகேட்டருக்குத் திரும்பியது. அவரவர் தேவைக்கு இரண்டு முடிவுகளும் சரியானவைதான்.

எனவே எது வேகமான அலோகேட்டர் என்ற பட்டிமன்றத்துக்குள் நான் போகவில்லை. மால்லாக்கின் இடத்தில் வந்து உட்காரும் எதுவும் மால்லாக்கின் கடமைகள் அத்தனையையும் ஏற்றாக வேண்டும். அந்தக் கடமைகள் எவ்வளவு நீளமானவை என்று தெரியாமல் இறங்குவதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

முதலில் ஓர் அடிப்படை. "இயங்குதளத்தின் அலோகேட்டர்" என்று பேச்சுவழக்கில் சொன்னாலும், லினக்ஸில் மால்லாக், இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் இல்லை. அது ஜிலிப்சி என்ற சி லைப்ரரியில் இருக்கிறது. கெர்னல் மொத்த வியாபாரி. எம்மேப், பிஆர்கே என்ற கெர்னல் அழைப்புகள் வழியாக, பேஜ் என்ற நிலையான அளவுத் துண்டுகளின் கணக்கில்தான் தரும். அலோகேட்டர் சில்லறைக் கடை. 24 பைட், 100 பைட் என்று கேட்பவருக்கு உடைத்துக் கொடுக்கிறது. நீங்கள் மாற்றுவது சில்லறைக் கடையை மட்டுமே. கெர்னலின் பக்கம் இருக்கும் சிக்கல் அப்படியே இருக்கும்.

அளக்காமல் தொடங்குவது

நேரம் எங்கே செலவாகிறது என்று காட்டும் பெர்ஃப் போன்ற ஒரு கருவியில் உங்கள் நிரலை ஓடவிட்டுப் பாருங்கள். மால்லாக்கும் ஃப்ரீயும் சேர்ந்து மொத்த நேரத்தில் 2 விழுக்காடுதான் என்றால், உலகின் மிகச் சிறந்த அலோகேட்டரும் அந்த 2 விழுக்காட்டுக்கு மேல் மிச்சப்படுத்தித் தராது (மெமரியில் தரவு அமையும் விதம் மாறுவதால் ப்ராசஸரின் கேஷில் கிடைக்கும் சிறு ஆதாயம் தவிர). மெமரி லீக் இருந்தால் நிலைமை இன்னும் தெளிவு: விடுவிக்கப்படாத மெமரியை எந்த அலோகேட்டராலும் திரும்பப் பெற முடியாது.

எமரி பெர்கர், பெஞ்சமின் சோர்ன், கேத்ரின் மெக்கின்லி ஆகிய மூவரும் 2002-இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். தமக்கெனத் தனி அலோகேட்டர் எழுதிக்கொண்ட 8 நிரல்களை எடுத்து, அந்தத் தனி அலோகேட்டர்களைக் கழற்றிவிட்டு டக் லீ எழுதிய பொது அலோகேட்டரைப் பொருத்திப் பார்த்தார்கள். 8-இல் 6 நிரல்கள் அதே வேகத்திலோ அதைவிட வேகமாகவோ ஓடின. உண்மையான பலன் இருந்தது ரீஜன் முறையைக் கையாண்ட நிரல்களில்தான். அதாவது ஒரு வேலைக்கான மெமரி முழுவதையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்து, வேலை முடிந்ததும் ஒரேயடியாக விடுவிக்கும் முறை. டக் லீயின் அந்த அலோகேட்டரிலிருந்து பிறந்ததுதான் இன்றைய ஜிலிப்சி மால்லாக். 2017-இல் வந்த 2.26 பதிப்பில் ஒவ்வொரு திரெட்டுக்கும் (நிரலுக்குள் இணையாக ஓடும் பணியோட்டத்துக்கும்) தனிக் கேஷ் சேர்க்கப்பட்டதால், சிறிய கோரிக்கைகளில் பெரும்பாலானவை இப்போது, திரெட்டுகளை ஒன்றுக்கொன்று காத்திருக்க வைக்கும் பூட்டு எதையும் தொடாமலே முடிகின்றன. அதற்கு முந்தைய வேக ஒப்பீடுகளை இன்றைய முடிவுக்கு ஆதாரமாக வைக்காதீர்கள்.

மெமரிதான் சிக்கல் என்றால், மாற்றுவதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். பல திரெட்டுகள் மோதிக்கொள்ளாமல் இருக்க ஜிலிப்சி "அரீனா" என்ற தனித்தனிப் பகுதிகளை உண்டாக்கும். 64 பிட் கணினியில் அதன் உச்ச வரம்பு கோர்களின் எண்ணிக்கையைப் போல் 8 மடங்கு. 64 கோர் உள்ள கணினியில் அது 512. கன்டெய்னருக்கு நீங்கள் 2 கோர் அளவுக்குத்தான் நேர ஒதுக்கீடு கொடுத்திருப்பீர்கள். அந்த ஒதுக்கீடு மால்லாக்குக்குத் தெரியாது, அது 64 கோர் என்றே எண்ணிக்கொள்ளும். திரெட்டுகள் பெருகப் பெருக, ஒவ்வொரு அரீனாவிலும் பாதி காலியான பேஜ்கள் தங்கிவிடும். மால்லாக்_அரீனா_மேக்ஸ் என்ற சூழல் மாறியை 2 அல்லது 4 என்று வைத்தாலே பல ரூபி, ஜாவா சர்வர்களில் வீக்கம் வடிந்துவிடுகிறது. இதைச் செய்யாமல் ஜெமால்லாக்குக்குத் தாவினால் அங்கும் இதே கதை காத்திருக்கிறது: அதன் இயல்பு அரீனா எண்ணிக்கை கோர்களைப் போல் 4 மடங்கு.

பாதி மட்டும் மாற்றுவது

சொந்தமாக அலோகேட்டர் எழுதுபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. மால்லாக், ஃப்ரீ இரண்டையும் எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். ஜிலிப்சியின் கையேடு காலாக் (சுழியமாக்கிய மெமரி தருவது), ரியாலாக் (அளவை மாற்றுவது) இரண்டையும் சேர்த்து நான்கு ஃபங்ஷன்களைக் குறைந்தபட்சத் தேவையாகச் சொல்கிறது. அதோடு அலைன்ட்_அலாக், போசிக்ஸ்_மெமலைன், மெமலைன், வாலாக், பிவாலாக், மால்லாக்_யூசபிள்_சைஸ் ஆகியவையும் இருக்க வேண்டும். அலைன்ட்_அலாக்கை விட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். எங்கோ ஒரு லைப்ரரி அதைக் கூப்பிடும். ஜிலிப்சியின் பழைய அலோகேட்டர் மெமரி கொடுக்கும். விடுவிக்கும்போது அது உங்கள் ஃப்ரீயிடம் வந்து சேரும். தனக்குச் சொந்தமில்லாத முகவரியை உங்கள் ஃப்ரீ தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். கிராஷ் அங்கேயே வந்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் வெகுநேரம் கழித்து, தொடர்பே இல்லாத ஒரு இடத்தில்தான் வரும்.

சி++ நிரலானால் நியூ, டிலீட் ஆபரேட்டர்களையும் மாற்றலாம். மாற்றினால் எல்லா வடிவங்களையும் சேர்த்தே மாற்றுங்கள். சி++14 அளவு சொல்லும் டிலீட்டைக் கொண்டுவந்தது, சி++17 அலைன்மென்ட் (முகவரி எந்த எண்ணால் வகுபட வேண்டும் என்ற ஒழுங்கு) சொல்லும் நியூவைக் கொண்டுவந்தது. பழைய இரண்டை மட்டும் எழுதி வைத்திருக்கும் நிரல்கள் இன்றும் நிறைய உண்டு.

அலைன்மென்ட் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. எக்ஸ்86-64 லினக்ஸில் மால்லாக் தரும் முகவரி 16-ஆல் வகுபட வேண்டும். புதிதாக எழுதுபவர்கள் ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் அளவைக் குறித்து வைக்க 8 பைட் தலைப்பு ஒன்றை வைப்பார்கள். விளைவாக, கொடுக்கும் முகவரி எல்லாமே 8 பைட் தள்ளிப் போகும். சாதாரணச் சோதனைகள் அத்தனையும் தேறும். கம்பைலர் ஆப்டிமைசேஷனைக் கூட்டியதும், 16 பைட் ஒழுங்கை எதிர்பார்க்கும் எஸ்எஸ்இ கட்டளை (பல எண்களை ஒன்றாகக் கையாளும் ப்ராசஸர் கட்டளை) ஒன்று அந்த முகவரியைத் தொடும், செக்மென்டேஷன் ஃபால்ட் வந்து நிரல் விழும். டீபக் பில்டில் வராது, ரிலீஸ் பில்டில் மட்டும் வரும். தலைப்பை 16 பைட் ஆக்கிவிடுங்கள், அல்லது அளவைத் துண்டுக்கு வெளியே வேறிடத்தில் வையுங்கள்.

காலாக் இரண்டு எண்களைப் பெருக்குகிறது. அந்தப் பெருக்கல் எல்லை மீறுகிறதா என்று பார்க்காவிட்டால், மிகச் சிறிய துண்டைக் கொடுத்துவிட்டுப் பெரியது கொடுத்ததாக நிரலை நம்ப வைப்பீர்கள். அது நேரடியான பாதுகாப்புத் துளை. கெர்னலிடமிருந்து புதிதாக வந்த பேஜ் சுழியமாகவே இருக்கும், ஒருமுறை பயன்பட்டுத் திரும்பியது அப்படி இருக்காது. இந்த வேறுபாட்டை மறந்த காலாக், முதல் சில நிமிடங்கள் சரியாக நடந்துகொண்டு பிறகு குப்பையைக் கொடுக்கும்.

தொடக்கத்திலும் ஃபோர்க்கிலும்

உங்கள் மால்லாக், மெயின் ஃபங்ஷனுக்கு வெகு முன்பே கூப்பிடப்படும். மூல மால்லாக்கைத் தேட, ஃபங்ஷனின் முகவரியைக் கண்டுபிடித்துத் தரும் டிஎல்சிம்மைக் கூப்பிடுகிறீர்கள். டிஎல்சிம் தன் வேலைக்குக் காலாக்கைக் கூப்பிடக்கூடும். அந்தக் காலாக் உங்களுடையது. அது மறுபடி டிஎல்சிம்மைக் கூப்பிடும். ஸ்டாக் நிரம்பி நிரல் தொடங்கும் முன்பே சாகும். வழக்கமான தீர்வு, தொடக்க நிலைக்கென்று ஒரு சிறு நிலையான பஃபரை வைத்திருப்பது. அந்தப் பஃபரிலிருந்து போன முகவரி பின்னால் ஃப்ரீக்கு வந்தால் அடையாளம் கண்டு விட்டுவிட வேண்டும். மால்லாக்குக்குள் பிரின்ட்எஃப் போட்டு லாக் எழுதுவதும் இதே சுழலில் தள்ளும், ஏனென்றால் பிரின்ட்எஃப் தன் பஃபருக்கு மெமரி கேட்கும்.

ஓடும் புராசஸின் நகலை உண்டாக்கும் ஃபோர்க் இன்னும் நுட்பமானது. ஒரு திரெட் அலோகேட்டரின் பூட்டைப் பிடித்திருக்கும் கணத்தில் இன்னொரு திரெட் ஃபோர்க் செய்தால், குழந்தைப் புராசஸில் பூட்டு பூட்டியபடியே இருக்கும், அதைத் திறக்க வேண்டிய திரெட் இருக்காது. குழந்தை முதல் மால்லாக்கிலேயே உறைந்துவிடும். பல திரெட் நிரலில் ஃபோர்க்குக்குப் பின் மால்லாக்கைக் கூப்பிட, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் விதிப்படி உத்தரவாதம் இல்லை என்று வாதாடலாம். நடைமுறையில் ஏராளமான நிரல்கள் கூப்பிடுகின்றன, ஜிலிப்சி அதற்கு இடம் தந்து வைத்திருக்கிறது. பித்ரெட்_அட்ஃபோர்க் வழியாக ஃபோர்க்குக்கு முன் எல்லாப் பூட்டுகளையும் பிடித்து, பின் இரு பக்கமும் விடுவியுங்கள்.

ஒரு திரெட் கேட்டு வாங்கியதை வேறொரு திரெட் விடுவிப்பதையும் சோதியுங்கள். ஒரு திரெட் செய்திகளை உருவாக்க, மற்றொன்று படித்து அழிக்கும் அமைப்பில், திரெட்டுக்குத் தனிக் குவியல் (ஹீப் எனும் மெமரிப் பகுதி) வைத்த எளிய அலோகேட்டர் எல்லையின்றி வீங்கும். 2000-இல் வந்த ஹோர்ட் அலோகேட்டர் தீர்க்க எடுத்துக்கொண்ட சிக்கல்களில் இது முக்கியமானது. ஒரே திரெட்டில் மால்லாக், உடனே ஃப்ரீ என்று சுழலும் சின்ன பெஞ்ச்மார்க்குகளில் இது தலைகாட்டவே காட்டாது.

பாதுகாப்பை இழப்பது

இணையத் தொடர்புகளை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் இருந்து 2014 ஏப்ரலில் வெளியான ஹார்ட்பிளீட் ஓட்டையை இந்தக் கோணத்தில் பார்ப்பவர்கள் குறைவு. ஓட்டைக்கு மூலகாரணம், வந்த செய்தியின் நீளத்தைச் சரிபார்க்காததுதான். ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எல், விடுவித்த பஃபர்களை மால்லாக்கிடம் திருப்பாமல் தன் சொந்தப் பட்டியலில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தது. சில இயங்குதளங்களின் மால்லாக் மெதுவாக இருக்கிறது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இதனால் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தின் மால்லாக்கில் இருந்த காவல் ஏற்பாடுகள் அந்தப் பஃபர்களைத் தொடவே முடியவில்லை. அந்தப் பட்டியலை நிறுத்திப் பார்த்தபோது இன்னொன்றும் வெளிவந்தது: விடுவித்த பஃபரை உடனே திரும்பக் கேட்டால் பழைய தரவோடு அதே பஃபர் கிடைக்கும் என்று நம்பிய நிரல்பகுதி உள்ளே இருந்தது, அது உடைந்தது. தனி அலோகேட்டர் பிழையை மறைத்தே வளர்த்திருக்கிறது.

ஜிலிப்சி 2.32 முதல் விடுவித்த துண்டுகளின் இணைப்புச் சுட்டிகளை மறைகுறியாக்கி வைக்கிறது; ஒரே துண்டை இருமுறை விடுவித்தால் பல சமயம் பிடித்து நிரலை நிறுத்திவிடுகிறது. உங்கள் மாற்று அலோகேட்டரில் இவை இருக்கின்றனவா, இயல்பாகவே இயங்குகின்றனவா, தனியாக முடுக்க வேண்டுமா என்று பாருங்கள். மெமரிப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் வால்கிரைண்டும் அட்ரஸ் சானிடைசரும் மால்லாக்கைத் தாமே இடைமறித்துத்தான் வேலை செய்கின்றன. ஸ்டாட்டிக்காக (நிரல் கோப்புக்குள்ளேயே) இணைத்த அலோகேட்டர் அவற்றைக் குருடாக்கிவிடும். சோதனைக்கென்று மாற்று அலோகேட்டர் இல்லாத ஒரு பில்டைக் கைவசம் வைத்திருங்கள்.

எண்ணைத் தவறாகப் படிப்பது

மாற்றியபின் ஆர்எஸ்எஸ் (புராசஸ் உண்மையில் பிடித்திருக்கும் மெமரியின் அளவு) குறையவில்லை என்று உடனே கைவிடுவதும் தவறு, குறைந்தது என்று உடனே கொண்டாடுவதும் தவறு. கெர்னலிடம் பேஜ்களைத் திருப்பித் தர இரண்டு வழிகள் உண்டு. எம்ஏடிவி_டோன்ட்நீட் சொன்னால் உடனே கணக்கில் குறையும். எம்ஏடிவி_ஃப்ரீ சொன்னால், கணினிக்கு மெமரி நெருக்கடி வரும்வரை எண் அப்படியே நிற்கும். கோ மொழி 1.12 பதிப்பில் இரண்டாவது வழிக்கு மாறியது, மெமரி கசிகிறது என்று பயனர்கள் குழம்பினார்கள், 1.16-இல் பழைய வழிக்கே திரும்பியது. டிரான்ஸ்பரன்ட் ஹ்யூஜ் பேஜஸ் (கெர்னல் தானாகவே பெரிய பேஜ் தரும் வசதி) முழுமையாக இயக்கத்தில் இருந்தால், சில கிலோபைட் மட்டுமே பயனில் இருக்கும் இடத்துக்கு 2 எம்பி பேஜ் நிரம்பி நிற்கவும் கூடும். துண்டாடல், அதாவது காலி இடம் சிறு துண்டுகளாகச் சிதறுவது, மெல்ல வளரும் நோய். உண்மையான சுமையில் ஒரு வாரமாவது ஓடாத சர்வரை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

நிறுவும்போது

எல்டி_ப்ரீலோடில் லைப்ரரியின் பாதை தவறாக இருந்தால் நிரல் நின்றுவிடாது. ஒரு எச்சரிக்கை வரியை எழுதிவிட்டுப் பழைய அலோகேட்டரோடு ஓடும். அந்த வரி எந்த லாகிலும் சேராமல் போனால், மாறாத ஒன்றை மாறியதாக நினைத்து வாரக்கணக்கில் அளந்துகொண்டிருப்பீர்கள். ப்ராக் கோப்புமுறையில் அந்தப் புராசஸுக்கான மேப்ஸ் கோப்பைத் திறந்து, லைப்ரரியின் பெயர் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஸ்டாட்டிக்காக இணைத்த நிரலுக்கு எல்டி_ப்ரீலோட் பொருந்தாது. கோப்பின் உரிமையாளரது அதிகாரத்தோடு ஓடும் செட்யூஐடி நிரல்களில் பாதை கொடுத்த லைப்ரரிகளைப் பாதுகாப்புக் கருதி லோடர் ஒதுக்கிவிடும். கோ நிரலின் குவியல் மால்லாக்கைத் தொடுவதே இல்லை. பைத்தான் 512 பைட் வரையிலான பொருள்களைத் தன் சொந்த அலோகேட்டரிலேயே வைத்துக்கொள்கிறது, ஆகவே அங்கே பலன் பாதிதான்.

இடிசி அடைவில் உள்ள எல்டி.எஸ்ஓ.ப்ரீலோட் கோப்பில் எழுதி கணினி முழுவதற்கும் மாற்றாதீர்கள். லைப்ரரியில் ஒரு கோளாறு வந்தால் எஸ்எஸ்ஹெச், சுடோ, ஷெல் எல்லாம் சேர்ந்து விழும், உள்ளே போய்ச் சரிசெய்ய வழியிருக்காது. ஒரு சர்வீஸுக்கு மட்டும் அதன் சிஸ்டம்டி யூனிட் கோப்பில் கொடுங்கள். ஏஆர்எம் கணினிகளில் பேஜ் அளவையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: 4 கேபி பேஜுக்கென்று கம்பைல் செய்த ஜெமால்லாக், ராஸ்பெரி பை 5-இன் 16 கேபி கெர்னலில் தொடங்கவே மறுத்து நின்றுவிடும்.