200 டிகிரிச் சூட்டை விட்டுவிடாதீர்கள்

சோமனூர்ப் பக்கம் விசைத்தறி மோட்டார்களுக்குக் காயில் கட்டுபவர்கள் சித்திரை வெயிலில் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “இந்தப் பிசின் 180 டிகிரி தாங்குமா?” மின்காப்பு எவ்வளவு சூடு தாங்கும் என்று சொல்லும் காப்பு வகுப்புகளில் எஃப் என்றால் 155 டிகிரி, எச் என்றால் 180. டப்பாவில் அச்சிட்டிருப்பதை நான் நம்புவதில்லை. அடுப்பில் எப்படி இறுக வைத்தோம் என்பதைத்தான் பார்ப்பேன்.

100 கிராம் திரவ எபாக்சியில் சோதனைத் துண்டு செய்து பாருங்கள். சான்றிதழில் அதன் எபாக்சி சமான எடை (ஒரு மோல் எபாக்சி முனைகள் அடங்கிய பிசினின் எடை) 188 என்று இருந்தால், பிசினை இறுக்கும் மெத்தில் நாடிக் அன்ஹைட்ரைடின் மூலக்கூறு எடையான 178-ஐ அந்த 188-ஆல் வகுத்து, நூறால் பெருக்கி, பத்தில் ஒன்பது பங்கு எடுங்கள். அன்ஹைட்ரைடு ஏறத்தாழ 85 கிராம் வரும். இறுகுவதை விரைவாக்கும் முடுக்கியாக பென்சைல் டைமெத்தில் அமீன் 1 கிராம். தராசில் நிறுத்தே சேர்க்க வேண்டும். அன்ஹைட்ரைடு ஈரத்தை இழுக்கும். ஐப்பசி அடைமழையில் டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள். அதன் ஆவி நுரையீரலுக்குக் கெடுதி. கையுறையும் கண்ணாடியும் போட்டு, புகைபோக்கியின் கீழ் மட்டுமே வேலை. பிறகு வெற்றிடத்தில் குமிழி நீக்கி அச்சில் ஊற்றுங்கள்.

அடுப்பில் 90 டிகிரியில் 2 மணி நேரம், 165-இல் 4 மணி நேரம், 200-இல் 16 மணி நேரம். இந்தக் கடைசிச் சூட்டைத்தான் மின்கட்டணத்துக்குப் பயந்து பலரும் விட்டுவிடுகிறார்கள். குறைந்த சூட்டிலேயே பிசின் கண்ணாடிபோல் இறுகி, இன்னும் சேராத மூலக்கூறு முனைகள் நகர முடியாமல் நின்றுவிடும். 200 டிகிரியில்தான் அவை அசைந்து இணையும். மோட்டார் காயிலோடு சேர்த்துச் சூடாக்குவதானால், கம்பியின் எனாமல் 200 வகுப்புதானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்.

அடுத்து, சூடேற்றும்போது துண்டு வாங்கும் வெப்பத்தை அளக்கும் டி.எஸ்.சி. சோதனை. ஒரே துண்டை இரண்டு முறை சூடேற்றச் சொல்லுங்கள். கண்ணாடிபோல் இருக்கும் பிசின் இளகத் தொடங்கும் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை இரண்டாம் முறை ஏறினால், உங்கள் துண்டு முழுதாக இறுகவில்லை. சூடேற்றும்போது எடை குறைவதை அளக்கும் டி.ஜி.ஏ. சோதனைக்கு 10 மில்லிகிராம் போதும். நிமிடத்துக்கு 10 டிகிரி ஏற்றம், நைட்ரஜனில் ஒருமுறை, காற்றில் ஒருமுறை. மோட்டார் ஓடுவது காற்றில் அல்லவா! 5 சதவீத எடை குறையும் வெப்பநிலையைக் குறியுங்கள். ஆனால் அதையே பயன்பாட்டு வெப்பநிலையாக எழுதி விற்பது பெருந்தவறு. அது சில நிமிடச் சூட்டின் கணக்கு; மோட்டாரோ ஆண்டுக்கணக்கில் வேக வேண்டியது.

ஆகவே துண்டுகளை 180, 200, 220 டிகிரி அடுப்புகளில் வாரக்கணக்கில் வையுங்கள். ஈரம் ஏறாத உலர்கலத்தில் ஆறவிட்டு, எடையையும் மின்தாங்கு திறனையும் வாரந்தோறும் பாருங்கள். இந்தத் திறன் பாதியாகக் குறைய ஒவ்வொரு சூட்டிலும் எத்தனை மணி நேரம் பிடித்தது என்று வரைபடத்தில் குறித்து, கோட்டை நீட்டி, 20,000 மணி நேரத்துக்கான வெப்பநிலையைப் படியுங்கள். வாங்குபவரிடம் சொல்ல வேண்டிய எண் அது.