வணிகத் தகவல் முறைமைகளை நேர்வுகள் வழியே கற்பிப்பது எப்படி?

பி.பி.ஏ., பி.காம்., எம்.பி.ஏ. வகுப்புகளில் வணிகத் தகவல் முறைமைகள் என்னும் பாடத்தை நடத்துகிற ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். பரிவர்த்தனைச் செயலாக்க முறைமை, மேலாண்மைத் தகவல் முறைமை, முடிவெடுக்க உதவும் முறைமை என்று பாடநூலில் வரிசையாக வரும் வரையறைகளை மாணவர்கள் ஒரே இரவில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஆனால் ஆம்பூரில் ஒரு காலணிக் கூடத்துக்குள் அவர்களை நிறுத்தி, இங்கே தகவல் முறைமை எது என்று கேட்டால், அலுவலக மேசையில் இருக்கும் கணினியைத்தான் சுட்டிக்காட்டுவார்கள். மேஸ்திரியின் சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கும் துண்டுச் சீட்டும் அந்த முறைமையின் ஒரு பகுதி என்பதை எந்த வரையறையும் அவர்களுக்கு உணர்த்துவதில்லை. அதை உணர்த்தக்கூடியது, கேஸ் ஸ்டடி என்று நாம் வழக்கமாகச் சொல்லும் நேர்வு ஆய்வு.

நேர்வையும் எடுத்துக்காட்டையும் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டில் விடை உள்ளேயே இருக்கும். நேர்வில் விடை இருக்கக் கூடாது. ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட மனிதர், தம் கையில் இருந்த தகவலை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டிய நிலையில் நேர்வு நின்றுவிட வேண்டும். வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவ மாணவர்கள் நோயாளியின் கட்டிலருகே நின்று கற்பதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. வணிகக் கல்வியில் இந்த முறையை நிலைநிறுத்திய ஹார்வர்டு வணிகப் பள்ளி 1908இல் தொடங்கியது. அங்கே 1921இல் எழுதப்பட்ட முதல் நேர்வு ஒரு காலணி நிறுவனத்தைப் பற்றியது. ஆம்பூரையும் இராணிப்பேட்டையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிற எனக்கு அந்தச் செய்தி எப்போதும் ஊக்கம் தருவதாக இருக்கிறது.

வெளிநாட்டு நேர்வுகளை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அமெரிக்க மிட்டாய் நிறுவனமான ஹெர்ஷி 1999 ஜூலையில் மூன்று பெரிய மென்பொருள்களை ஒரே சமயத்தில் இயக்கத் தொடங்கி, கிடங்கில் சரக்கு இருந்தும், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுக்கும் ஹாலோவீன் பண்டிகைக்கு முன்னால் பத்துக் கோடி டாலருக்கு மேற்பட்ட ஆர்டர்களை உரிய நேரத்தில் அனுப்ப முடியாமல் தவித்தது. ஹாலோவீன் என்றால் நம் மாணவர்களுக்கு ஒன்றும் தோன்றாது. தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் ஓர் இனிப்புக் கடை தன் பில் போடும் முறையை மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு அதன்பின் ஹெர்ஷிக்குப் போனால், வகுப்பு உடனே விழித்துக்கொள்ளும். அதுபோலவே லண்டன் ஆம்புலன்ஸ் சேவை 1992 அக்டோபர் 26 அன்று புதிய கணினி அனுப்புகை முறைக்கு மாறியபோது, எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பதை அந்த முறையால் சரியாகத் தெரிந்துகொள்ள முடியாமல் போனதையும், பிழைச் செய்திகள் திரையில் குவிந்ததையும் 108 வண்டியை வைத்து விளக்கலாம். இவ்விரண்டும் பெரிய தோல்விகள் என்பதால் பருவத்தின் நடுவில் ஒரு முறை நடத்தினால் போதும். தொடக்கமே தோல்விக் கதையாக இருந்தால், கணினி வைத்தாலே கெடுதிதான் என்ற எண்ணம் மாணவர்களிடம் ஊறிவிடுகிறது.

முதல் நேர்வு உங்கள் ஊரில் பிறந்ததாக இருக்கட்டும். பழைய வடாற்காடு மாவட்டம் இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்கு மாவட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. இந்த நான்கிலும் களங்களுக்குக் குறைவில்லை. வெளிமாநில நோயாளிகள் வாரக்கணக்கில் தங்கும் வேலூர் காந்தி ரோடு லாட்ஜுகளின் அறைப் பதிவேடு, அங்குள்ள நேதாஜி மார்க்கெட்டில் மொத்த வியாபாரியின் கடன் நோட்டு, ஆரணியில் நெசவாளருக்குப் பட்டு நூல் எடைபோட்டுக் கொடுத்துப் புடவையாகத் திரும்பப் பெறும் கணக்கு, கிராமப் பால் சங்கத்தில் கொழுப்பு அளவைக் கொண்டு விலை போடும் இயந்திரம் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு பருவத்துக்குப் போதுமான கேள்விகளைத் தன்னுள் வைத்திருக்கிறது.

நான் அதிகமாகப் பயன்படுத்தும் நேர்வு, காலணியின் மேல்பகுதியான அப்பர் செய்யும் நடுத்தரக் கூடம் ஒன்றைப் பற்றியது. வகுப்புக்காகப் பல இடங்களில் பார்த்தவற்றைச் சேர்த்து நானே அமைத்தது அது. கூடத்தில் தோலை வெட்டுகிறார்கள். வெட்டிய துண்டுகள் கைத்தையலுக்காகச் சுற்றுவட்டாரத்தில் பெண்களின் வீடுகளுக்குப் போய்த் திரும்புகின்றன. வெளிநாட்டு வாடிக்கையாளர், தம் ஆர்டர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று வாரந்தோறும் அறிக்கை கேட்கத் தொடங்குகிறார். முதலாளியின் மேசையில் ஒரு மென்பொருளின் விலைப்புள்ளி கிடக்கிறது. திங்கட்கிழமைக்குள் அவர் பதில் சொல்ல வேண்டும். நேர்வு அங்கே முடிகிறது.

இந்த நேர்வின் உயிர் அதன் இணைப்பில் இருக்கும் மூன்று தாள்களில் இருக்கிறது. முதலாவது, அலுவலகத்தில் டேலி என்னும் கணக்கு மென்பொருளில் போட்ட டெலிவரி சலான். அதில் சரக்கு ஆர்டர் எண்ணால் குறிக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது, வெட்டும் பிரிவின் நோட்டுப் பக்கம். அங்கே அதே சரக்குக்கு, தோலை வெட்டும் அச்சின் எண்தான் பெயர். மூன்றாவது, வீடுகளுக்கு வேலை கொண்டுபோகும் மேஸ்திரியின் துண்டுச் சீட்டு. அதில் பென்சிலால் ‘கறுப்பு ஊசி, 41, 60 ஜோடி’ என்று மட்டும் இருக்கிறது. மூன்று தாள்களையும் பக்கம் பக்கமாக வைத்து, ஒரே சரக்கைக் குறிக்கும் வரிகளைக் கோடு போட்டு இணைக்கச் சொல்கிறேன். பத்து நிமிடம் பென்சிலோடு போராடிய பிறகு, ஒரு பொருளுக்கு மூன்று இடங்களில் மூன்று பெயர் இருக்கும்வரை எந்த மென்பொருளை வாங்கினாலும் வாடிக்கையாளரின் கேள்விக்கு விடை வராது என்பதை மாணவர்களே கண்டுகொள்கிறார்கள். எல்லாப் பிரிவுகளும் பொதுவாகப் பயன்படுத்த வேண்டிய அடிப்படை விவரத்தைக் குறிக்கும் முதன்மைத் தரவு என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுத வேண்டிய நேரம் அதுதான். ஒரு நிமிடம் முன்னால் எழுதினாலும் அது இன்னொரு வரையறையாகிவிடும்.

எண்களையும் இப்படிப் பொறுக்கி வைக்க வேண்டும். நேர்வில் ஒரு ஜோடிக்கு 2.2 சதுர அடி தோல் என்பது அலுவலகக் கணக்கு. 600 ஜோடிக்கு 1,320 சதுர அடி வேண்டும். கிடங்கிலிருந்து போனதோ 1,415 சதுர அடி. இந்த 95 சதுர அடி எங்கே போனது? திருட்டு என்று ஒரு மாணவர் சொல்வார், வெட்டுபவரின் கவனக்குறைவு என்று இன்னொருவர் சொல்வார். இரண்டையும் மறுக்காமல் எழுதிவைத்துக்கொண்டு, முடிந்தால் உண்மையான தோல் ஒன்றை மேசையில் விரித்துக் காட்டுங்கள். துணியைப் போலத் தோல் ஒரே சீராக இருப்பதில்லை; முள் கீறிய தழும்பு, உண்ணி கடித்த புள்ளி, வயிற்றுப் பக்கத்தின் தளர்ச்சி ஆகியவற்றைத் தவிர்த்துத்தான் வெட்டுபவர் அச்சை வைக்கிறார். தரம் குறைந்த தோலில் கூடுதலாகச் செலவாகும். ஆகவே ஒரு ஜோடிக்கு இவ்வளவு என்ற ஒற்றை எண்ணை மென்பொருளில் ஏற்றுவது சரியா, தரத்துக்குத் தரம் வேறு வேறு எண் வைப்பதா, அந்தத் தரத்தை எந்தக் கட்டத்தில் யார் பதிவது என்று கேள்விகள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்துக்கொண்டே போகும்.

ஒருமுறை பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் நான் எதிர்பாராத கேள்வியை எழுப்பினார். “சார், தையல்ல கெடுறது ஒத்தக் கால்தான். நோட்டுல ஏன் ஒரு ஜோடியைக் கழிக்கிறாங்க? மீதி ஒத்தக் கால் எங்க போச்சு?” கூலி ஜோடிக் கணக்கில், சேதம் ஒற்றைக் கணக்கில், பதிவு மறுபடியும் ஜோடிக் கணக்கில். நேர்வை எழுதிய எனக்கே அந்த ஓட்டை தெரிந்திருக்கவில்லை. நன்றாகத் தைத்த ஒற்றைக்கும் கூலி கிடைக்காமல் போகும் ஒரு பெண்ணின் இழப்பு, ஜோடியா ஒற்றையா என்று குறிக்கும் அளவலகு என்னும் ஒரு கட்டத்துக்குள் மறைந்திருக்கிறது. அடுத்த ஆண்டிலிருந்து அந்தக் கேள்வியையும் நேர்வில் சேர்த்துவிட்டேன்.

நேர்வு எழுதத் தகவல் திரட்டும்போது, உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள்; நிறுவனம், ஆட்கள், வாடிக்கையாளர் ஆகியோரின் பெயர்களை மாற்றிவிடுங்கள். தொகைகளை மறைக்க வேண்டுமானால் எல்லாத் தொகைகளையும் ஒரே எண்ணால் பெருக்குங்கள். விகிதங்கள் கெடாமல் இருக்கும். சட்டம் சார்ந்த விவரத்தை மட்டும் மாற்றக் கூடாது. கூலி வேலைக்கு அனுப்பிய உள்ளீட்டுப் பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143ஆம் பிரிவு. எந்தச் சலானில் போனது எந்தச் சலானில் திரும்பியது என்று காட்ட முடியாத கூடம் வரிச் சிக்கலிலும் மாட்டும் என்பதை மாணவர்கள் இதன் வழியாக அறிகிறார்கள். நேர்வு இரண்டு பக்கங்களைத் தாண்ட வேண்டாம். இணைப்புத் தாள்கள் தனி.

வகுப்பு நடத்தும்போது ஆசிரியர் செய்ய வேண்டியவற்றுள் கடினமானது பேசாமல் இருப்பது. ஐம்பது நிமிட வகுப்பில், முந்தைய நாளே படித்துவரச் சொன்ன நேர்வை யாரும் சுருக்கிச் சொல்லத் தேவையில்லை. “நீங்கள் அந்த முதலாளி, திங்கட்கிழமை என்ன சொல்வீர்கள்?” என்று கேட்டு, வாங்கலாம் என்போரையும் வேண்டாம் என்போரையும் கை தூக்கச் சொல்லி, எண்ணிக்கையைப் பலகையின் மூலையில் எழுதிவிடுங்கள். பிறகு தாள்களோடு குழு வேலைக்கு இருபது நிமிடம், பொது விவாதத்துக்கு இருபது நிமிடம். கேள்விக்குப் பின் வரும் மௌனத்தைக் கண்டு அஞ்சி நீங்களே விடை சொல்லிவிட்டால், அன்றைய நேர்வு அத்தோடு முடிந்தது. கடைசியில் மறுபடியும் கை தூக்கச் சொல்லுங்கள். கருத்தை மாற்றிக்கொண்டவர்களிடம், எந்தத் தாளிலிருந்த எந்த வரி மாற்றியது என்று கேட்பதே அந்த வகுப்பின் சாரம்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் தமிழ் வழியில் படித்து வந்தவர்களும், வீட்டில் உருதோ தெலுங்கோ பேசுபவர்களும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். விவாதம் ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும் என்று வற்புறுத்தினால் நான்கு பேர் மட்டுமே பேசுவார்கள். தொழில் தெரிந்த பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள். பேச்சு எந்த மொழியிலும் இருக்கட்டும். பலகையில் பாடச் சொல்லையும் தொழிற்சொல்லையும் அருகருகே எழுதுங்கள். தேர்வில் கேட்கப்படும் மொழியில் குறிப்பை எழுதிவரச் சொல்லுங்கள்.

மதிப்பெண்ணுக்கு ஒரு பக்கக் குறிப்பு போதும்: என்ன முடிவு, எந்தத் தகவல் அதைத் தாங்குகிறது, எந்தத் தகவல் இன்னும் தேவை. முடிவு எதுவாக இருந்தாலும் மதிப்பெண் குறைக்க மாட்டேன். தாளில் இல்லாத தகவலை இருப்பதாக எழுதினால் குறைப்பேன். மூன்றாவது கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்பெண் ஒதுக்குகிறேன், ஏனெனில் தேவையான தகவல் எது, அதை யாரிடம், எந்தத் தாளில் வாங்குவது என்று எழுதத் தெரிந்தவர் ஒரு தகவல் முறைமையை வடிவமைக்கத் தொடங்கிவிட்டார்.

முதலாளி கடைசியில் என்ன செய்தார் என்று மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். குறிப்புகளை எல்லாம் வாங்கிக்கொண்ட பிறகு அடுத்த வகுப்பில் சொல்கிறேன்: அந்த ஆண்டு அவர் மென்பொருள் வாங்கவில்லை, மூன்று பிரிவுகளுக்கும் ஒரே ஆர்டர் எண் அச்சிட்ட மூன்று வண்ணச் சீட்டுகளை அடித்துக் கொடுத்து, ஒற்றைக் காலுக்குத் தனிக் கட்டம் ஒன்றும் போட்டார். நேர்வு போலவே அதுவும் நான் அமைத்த முடிவு என்பதையும் சொல்லிவிட்டு, அதில் உள்ள குறைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லி அடுத்த விவாதத்தைத் தொடங்குகிறேன்.