பகலில் சிக்காத புரொடீனியா புழு

நிலக்கடலை இலையெல்லாம் சுரண்டப்பட்டு வலை மாதிரி ஆகிக்கொண்டே வந்தது. பகலில் தேடினால் ஒரு புழுவும் கிடையாது. வேப்பெண்ணெய் அடித்தாயிற்று, கடைக்காரர் தந்த மருந்தும் அடித்தாயிற்று; அசையவில்லை. ராத்திரி டார்ச்சோடு போனபோதுதான் பிடிபட்டது: இலை தின்னும் புரொடீனியாவின் பெரிய புழுக்கள் பகலில் மண்வெடிப்பில் பதுங்கி, இருட்டியதும் ஏறுகின்றன.

வரப்போர ஆமணக்கு இலைகளில் பழுப்பு ரோமம் போர்த்திய திட்டுகள். பார்ப்பவர்கள் பூஞ்சணம் என்று விட்டுவிடுவார்கள். அத்தனையும் முட்டைக் குவியல், தாய் அந்துப்பூச்சி தன் உடல் ரோமத்தால் மூடியது. இலையோடு கிள்ளி அழித்தேன். பிறகு புழுவுக்கு நோய் தந்து கொல்லும் என்.பி.வி. வைரஸ் கரைசலை ஹெக்டேருக்கு 250 எல்.இ. (வைரஸ் தாக்கிய புழுக்களின் கணக்கில் சொல்லும் அளவு) எடுத்து, வெல்லம் சேர்த்து, பொழுது சாய்ந்தபின் அடித்தோம். வெயிலில் அந்த வைரஸ் வீணாகிவிடும். சில நாளில் குட்டிப் புழுக்கள் செடி உச்சியில் தலைகீழாகத் தொங்கிச் செத்தன. அப்பாடா! பெருத்த புழுவுக்கு மட்டும் இது அவ்வளவாகக் கேட்காது.