மாதிரி முதலில், மாத்திரை பிறகு

சிறுநீர்த் தொற்றுக்கு மருத்துவர் கல்ச்சர் பரிசோதனை (சிறுநீரில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது) எழுதினால், ஆண்டிபயாட்டிக் மாத்திரையின் முதல் வேளைக்கு முன்பே மாதிரியைக் கொடுத்துவிடுங்கள். ஒரு வேளை மருந்துகூடக் கிருமியை ஆய்வகத்தில் வளரவிடாமல் செய்துவிடலாம். வளராத கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படும், எதை எதிர்த்து நிற்கும் என்று கண்டறிய வழியில்லை. மறுபரிசோதனைக்குக் காசும் நாளும்தான் வீண். முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடித்து 2 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். முடியாவிட்டால் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். பினாங்குப் பால நெரிசலில் சூடான காருக்குள் கிடக்கும் புட்டியில் கிருமிகள் பெருகி முடிவையே குழப்பிவிடும், இதைத் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். கடும் காய்ச்சல், குளிர்நடுக்கம், மனக்குழப்பம் இருந்தால் மாதிரிக்காக மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம். உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.