தப்பு உங்கள் மேல்தான் என்று இன்சூரன்ஸ் கம்பெனி எழுதினால்

விபத்துக்குப் பிறகு கம்பெனிக் கடிதத்தோடு எங்கள் பட்டறைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "இது உங்கள் கம்பெனி எழுதியதா, மோதிய வண்டியின் கம்பெனி எழுதியதா?" என்பதுதான். பலர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். 'ஓட்டுநரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்' என்ற வரியிலேயே கண் நின்று போயிருக்கும். ஆனால் அந்த வரியை எழுதியது யார் என்பதைப் பொறுத்துத்தான் நாம் போக வேண்டிய இடமே மாறுகிறது. போகக் கூடாத இடத்தில் மனுக் கொடுத்துவிட்டு, பதில் வரும் வரும் என்று காத்திருந்து, கெடுவைத் தவறவிட்டவர்களைப் பார்த்து நொந்துபோய்த்தான் இதை எழுதுகிறேன்.

மதுரை ரிங் ரோட்டை ஒட்டி எங்கள் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை இருக்கிறது. தகடு வேலை என் தம்பியுடையது. எஸ்டிமேட் எழுதுவது, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயரிடம் பேசுவது, கிளெய்ம் காகிதங்களைச் சேர்ப்பது எல்லாம் என் பொறுப்பு. நான் வழக்கறிஞர் அல்ல. காகிதத்தையும் நசுங்கிய தகட்டையும் சேர்த்துப் படிக்கப் பழகியவள்.

கடிதம் உங்கள் சொந்தக் கம்பெனியிடமிருந்து வந்ததென்றால் விஷயம் சுலபம். நாம் ஃபுல் இன்சூரன்ஸ் என்று சொல்லும் பாலிசியில், உங்கள் வண்டியின் சேதத்துக்குப் பணம் தர, விபத்தில் தப்பு யாருடையது என்ற கேள்வி அடிப்படையே அல்ல. நீங்களே கவனம் பிசகிச் சுவரில் இடித்தாலும் அது விபத்துதான். குடித்துவிட்டு ஓட்டியது, செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாதது, சொந்தக் காரை வாடகைக்கு விட்டது போன்ற காரணங்களுக்குப் பாலிசியிலேயே தனி வாசகங்கள் உண்டு. அப்படி எதையும் காட்டாமல் 'கவனக்குறைவு' என்று மட்டும் எழுதிக் கிளெய்மை மறுத்தால், எந்த நிபந்தனை என்று கேளுங்கள். தொலைபேசியில் கேட்காதீர்கள். எழுதிக் கேளுங்கள். நான் எழுதித் தரும் கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"தங்கள் கடிதத்தில் ஓட்டுநரின் கவனக்குறைவைக் காரணமாகக் கூறி எனது கிளெய்மை மறுத்துள்ளீர்கள். பாலிசியின் எந்த நிபந்தனை எண்ணின்கீழ் மறுக்கப்பட்டது என்பதைத் தெரிவிக்கவும். அம்முடிவுக்கு ஆதாரமான சர்வே அறிக்கை, விசாரணை அறிக்கை ஆகியவற்றின் நகல்களைத் தரவும். முடிவை மறுபரிசீலனை செய்யவும் கோருகிறேன்."

மேலே பாலிசி எண், கிளெய்ம் எண், விபத்து நாள். இதைக் கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா என்ற புகார்த் தளத்திலும் பதியலாம்; இணையம் வராதவர்கள் 155255 என்ற எண்ணில் பேசலாம். காரணத்தை எழுத்தில் வாங்குவதில் இன்னொரு பலனும் உண்டு. மறுப்புக் கடிதத்தில் சொல்லாத புதுக் காரணத்தைப் பிறகு வழக்கு மன்றத்தில் வந்து சொல்ல முடியாது என்று 2016-இல் கலாடா பவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் முதல் கடிதத்தில் அவர்கள் என்ன எழுதுகிறார்களோ அதுதான் கடைசிவரை அவர்கள் கையில் இருக்கும்.

ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் பாலிசிதாரர்களின் புகாரை விசாரிக்கும், சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். அது வேண்டாம் என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அதற்குக் கெடு இரண்டு ஆண்டு. நீங்கள் கட்டிய பிரீமியம் 5 லட்சத்துக்குள் என்றால் அங்கும் மனுக் கட்டணம் கிடையாது. சாதாரணக் கார் வைத்திருப்பவர்களுக்குப் பிரீமியம் அவ்வளவு வராது.

இனி, மோதிய வண்டியின் கம்பெனி எழுதிய கடிதம். சிக்கல் முழுவதும் இங்கேதான். நீங்கள் அந்தக் கம்பெனியின் பாலிசிதாரர் அல்ல, மூன்றாம் நபர். மூன்றாம் நபரின் கிளெய்மை ஆம்புட்ஸ்மேன் எடுத்துக்கொள்ள மாட்டார். அங்கே மனுப் போட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது வீண். தப்பு யார் மேல், எத்தனை சதவீதம் என்று சொல்லும் அதிகாரம் அந்தக் கம்பெனிக்கும் கிடையாது. அவர்கள் எழுதுவது அவர்கள் தரப்பு வாதம், அவ்வளவுதான். தீர்மானிப்பது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். கோர்ட் வட்டாரத்தில் எம்.சி.ஓ.பி. போடுவது என்பார்கள். விபத்து நடந்த ஊரில் மட்டுமல்ல, நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்பது 2022 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் விதி. கம்பெனியோடு கடிதப் போக்குவரத்து நடக்கிறது என்பதற்காக இந்தக் கெடு நிற்காது. காலண்டரில் முதலில் இதைக் குறித்துவிடுங்கள்.

மேலூர்ப் பக்கம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு நடந்ததைச் சொன்னால் மற்றது தெளிவாகும். அவருடைய பழைய காருக்கு மூன்றாம் நபர் பாலிசி மட்டும்தான்; சொந்தக் காரின் சேதத்துக்கு அதில் பணம் வராது. மனைவியுடன் ரிங் ரோட்டில் வந்துகொண்டிருந்தார். பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வந்த சரக்கு வண்டி, சுற்றிக்கொண்டு போகச் சோம்பல்பட்டு, சாலையோரமாகவே எதிர்த்திசையில் வந்து மோதிவிட்டது. அந்த அம்மாவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. சரக்கு வண்டியின் ஓட்டுநர் சொன்னது வேறு: தான் சரியான திசையில் சாலையில் ஏறும்போது கார் வேகமாகப் பின்னாலிருந்து வந்து இடித்தது என்றார். போலீஸ் வரைந்த மாதிரி வரைபடத்திலும், இடத்தைப் பார்த்து எழுதிய பார்வை மகஜரிலும் கார், சாலையை விட்டு இடப்பக்க மண்ணில் இறங்கி நின்றது. கம்பெனி அதைப் பிடித்துக்கொண்டு, பாதித் தப்பு கார் ஓட்டியவர் மேல் என்று எழுதியது. பிள்ளைகளுக்கு ஆயுள் முழுவதும் நேர்மை சொல்லிக்கொடுத்த மனிதர், "பார்வை மகஜரிலேயே அப்படித்தான் இருக்கிறதாம் அம்மா, நான்தான் வேகமாக வந்தேனோ" என்று என்னிடமே கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. முதலில் காரைச் சுற்றி வந்து பார்ப்போம் சார் என்றேன்.

நம் ஊரில் இடப்பக்கம் போகிறோம். எதிரெதிரே முறையாக வரும் இரண்டு வண்டிகள் உரசினால் வலப்பக்கமும் வலப்பக்கமும்தான் உரசும். இந்தக் காரில் அடி முன் இடப்பக்கம். ஹெட்லைட் கிண்ணம் உள்ளே போய், மட்கார்டு தகடு முன்னிருந்து பின்னாக மடிந்து, கதவு வரை கீறல் ஓடியிருந்தது. இனி எதிர்வண்டி. அதை ஆய்வு செய்த மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையில் சேதம் என்று எழுதியிருந்ததும் முன் இடப்பக்கம். சரியான திசையில் திரும்பிய வண்டியைப் பின்னாலிருந்து இடித்திருந்தால் அதன் பின்பக்கமோ வலப்பக்கமோ அல்லவா அடிபட்டிருக்க வேண்டும்? நடுவில் மீடியன் இருக்கும் சாலையில், இடதும் இடதும் முகத்துக்கு முகம் மோத ஒரே வழிதான் உண்டு. அந்த வண்டி எதிர்த்திசையில், காருக்கும் சாலையோரத்துக்கும் நடுவே வந்திருக்க வேண்டும். கார் ஏன் மண்ணில் இறங்கி நின்றது என்பதற்கும் பதில் காரிலேயே இருந்தது. இடது முன்சக்கரம் உடைந்து, தகடு டயரில் அழுந்திப் பூட்டிக்கொண்டது. அப்படிப் பூட்டினால் வண்டி இடப்பக்கம்தான் இழுக்கும்.

வண்டி கடைசியில் நின்ற இடத்தை வைத்து மட்டும் யார் தப்பு என்று முடிவு கட்டக் கூடாது. 2013-இல் ஜிஜு குருவிளா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே சொல்லியிருக்கிறது: மகஜரில் காட்டிய நிலை மட்டும் கவனக்குறைவுக்குப் போதுமான சான்று ஆகாது. கம்பெனி மகஜரைக் காட்டினால் நீங்கள் இந்தத் தீர்ப்பை உங்கள் வழக்கறிஞருக்கு நினைவூட்டலாம்.

ஆகவே வண்டியைப் பட்டறையில் விட்டவுடன் தட்டச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். சுத்தியல் பட்டுவிட்டால் தகடு சாட்சி சொல்லாது. அடிபட்ட இடத்தை நேர் எதிரே நின்று ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், தரையோடு தாழ்ந்து ஒரு படம் எடுங்கள். கீறல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டும். எதிர்வண்டியின் பெயிண்ட் உங்கள் தகட்டில் ஒட்டியிருந்தால் அதைக் கிட்டத்தில் எடுங்கள். உடைந்த லைட், பம்பர் துண்டுகளைச் சாக்கில் கட்டிவையுங்கள். விபத்து நடந்த இடத்தில் எடுத்த படங்கள் இருந்தால், கண்ணாடித் துண்டுகளைவிட மண்ணைத் தேடிப் பாருங்கள். மட்கார்டுக்கு அடியில் காய்ந்து ஒட்டியிருக்கும் மண் மோதிய கணத்தில் பொலபொலவென்று அங்கேயே உதிர்ந்துவிடும். கண்ணாடி சிதறி ஓடும், மண் அவ்வளவு தூரம் போகாது. மோதல் எந்த இடத்தில் நடந்தது என்பதற்கு அந்தச் சின்ன மண்குவியல் நல்ல அடையாளம்.

பங்கிலோ கடையிலோ கேமரா இருந்தால் உடனே போய்க் கேளுங்கள், பழைய பதிவு மேல் புதுப் பதிவு ஏறி அழிந்துகொண்டே இருக்கும். கொடுக்க மறுத்தால் விசாரணை அதிகாரியிடம் எழுதிக் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். பதிவு கைக்கு வந்தால், பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படியான சான்றிதழும் அதோடு வேண்டும். அது இல்லாமல் பென் டிரைவை மட்டும் நீட்டினால் எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும்.

போலீஸ் காகிதங்களில் முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர், மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை நான்கும் வாங்குங்கள். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே விபத்து வழக்கின் ஆவணங்களைப் பெற வழியிருக்கிறது. முதல் தகவல் அறிக்கையில் உங்கள் பெயர் குற்றம் சாட்டப்பட்டவராக இருந்தாலும் கலங்க வேண்டாம். அது வழக்கின் தொடக்கம்தான். தீர்ப்பாயம் தனியாகச் சாட்சியம் கேட்டு முடிவு செய்யும். காயம், மரணம் உள்ள விபத்துகளில் போலீஸ் 90 நாட்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்றும் 2022 மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. உங்கள் தரப்பில் விடுபட்டது இருந்தால் அறிக்கை போகும் முன்பே விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு ஒருவர் வந்து, கம்பெனியிலிருந்து விசாரிக்க வந்திருக்கிறேன் என்பார். தண்ணீர் கொடுங்கள், மரியாதையாகப் பேசுங்கள். ஆனால் அவர் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். நடந்ததை உங்கள் கையால் தமிழில் எழுதி, படம் எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள். வயதானவர்கள் வீட்டில் தனியாக இருக்கும்போது இது நடக்கிறது. பிள்ளைகள் வெளியூரில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். 'முழுத் தொகையும் பெற்று, இனி கோரிக்கை இல்லை' என்ற ரசீதும் அப்படித்தான். படிக்காமல் தொடாதீர்கள்.

தலைமையாசிரியரின் மனைவி விஷயத்தில் கம்பெனியின் கணக்கு அடியோடு தவறு. ஒருவேளை பாதித் தப்பு கணவருடையது என்றே வைத்துக்கொண்டாலும், பக்கத்தில் உட்கார்ந்து வந்தவருக்கு அதில் பங்கு கிடையாது. இரண்டு ஓட்டுநர்களின் தப்பால் காயப்பட்ட பயணி, முழு இழப்பீட்டையும் இருவரில் யாரிடமிருந்தும் வாங்கலாம் என்று 2015-இல் கென்யே வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே ஓட்டியவரின் கார்ச் சேதத்தையும் பயணியின் காயத்தையும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பாதியாக வெட்ட விடாதீர்கள்.

எலும்பு முறிவு போன்ற கொடுங்காயத்துக்கு, தப்பு யாருடையது என்றே கேட்காமல் 2.5 லட்சமும், மரணத்துக்கு 5 லட்சமும் தரும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவும் இருக்கிறது. சாட்சியே இல்லாதவர்களுக்கு அது பெரிய ஆதரவு. ஆனால் அந்தத் தொகையைச் சமரச முறையில் ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் போட்ட மனு காலாவதியாகிவிடும். அறுவைச் சிகிச்சை, வேலை இழப்பு எல்லாம் சேர்ந்து இதைவிடக் கூடுதலாக வரும் என்றால் யோசித்து முடிவெடுங்கள்.

கார்ச் செலவை உங்கள் சொந்தக் கம்பெனியிடம் வாங்கியிருந்தால் அதே செலவை எதிர்க் கம்பெனியிடம் மறுபடி கேட்க முடியாது. சொந்தக் கம்பெனியிடம் வாங்கினால் கிளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தரும், 50 சதவீதம் வரை ஏறியிருக்கும் நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடியும் போகும். சின்னச் சேதமென்றால் இதையும் கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

மனு எண் விழுந்த பிறகு வழக்கு, இரு தரப்பும் பேசிச் சமரசமாக முடித்துக்கொள்ளும் மக்கள் நீதிமன்றத்துக்கு வரலாம். தலைமையாசிரியரின் வழக்கு அங்கேதான் முடிந்தது. வாகன ஆய்வாளர் அறிக்கையையும் காரின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் 'பாதி' என்ற பேச்சைக் கம்பெனித் தரப்பு விட்டுவிட்டது. அங்கே ஒப்புக்கொண்டால் மேல்முறையீடு இல்லை என்பதால், தொகை மனதுக்கு ஒப்பாவிட்டால் கையெழுத்திடாமல் விசாரணைக்கே திரும்பலாம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். தீர்ப்பாயம் உங்கள் மேல் சதவீதம் போட்டுக் குறைத்துவிட்டால் 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் தகராறில் உள்ள தொகை ஒரு லட்சத்துக்குக் குறைவாக இருந்தால் அந்த வழி இல்லை. அதனால் படங்களையும் ஆய்வாளர் அறிக்கையையும் தீர்ப்பாயத்திலேயே சான்றாவணமாகக் குறியிட்டுத் தாக்கல் செய்யச் சொல்லுங்கள்.