லாகின் ஆனதுமே வேண்டிய புரோகிராம்கள் தானாகத் திறக்க

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் தினமும் அதே நாலு புரோகிராம்களைத் தேடித் தேடித் திறக்கிறீர்களா? விண்டோஸ் 10, 11 இரண்டிலுமே இதற்கென்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது, அதில் ஷார்ட்கட்டைப் போட்டுவிட்டால் லாகின் செய்தவுடன் அது தானே திறந்துகொள்ளும்.

விண்டோஸ் கீயோடு ஆர் எழுத்தை அழுத்துங்கள். வருகிற ரன் பெட்டியில் ஆங்கிலத்தில் ஷெல், ஒரு முக்காற்புள்ளி, அப்புறம் ஸ்டார்ட்அப், மூன்றையும் இடைவெளி விடாமல் தட்டி என்டர் கொடுத்தால் ஸ்டார்ட்அப் ஃபோல்டர் திறக்கும். டெஸ்க்டாப்பில் இருக்கும் ஷார்ட்கட்டை காப்பி செய்து அங்கே பேஸ்ட் செய்யுங்கள், அவ்வளவுதான். புரோகிராம் மட்டுமில்லை, தினமும் பார்க்கிற ஒரு எக்செல் ஃபைலின் ஷார்ட்கட்டையும் போடலாம், எனக்கு இதுதான் ரொம்பப் பயன்படுகிறது. வேண்டாம் என்றால் அந்த ஷார்ட்கட்டை மட்டும் அழித்துவிடுங்கள், புரோகிராமுக்கு ஒன்றும் ஆகாது.

ஆனால் அளவோடு போடுங்கள். பல புரோகிராம்கள் இன்ஸ்டால் ஆகும்போதே கேட்காமல் இந்த வரிசையில் சேர்ந்துகொள்கின்றன, லாகின் ஆனபின் கம்ப்யூட்டர் திணறுவதற்கு அதுவும் ஒரு காரணம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போனால் முழுப் பட்டியலும் தெரியும், தேவையில்லாததை வலது கிளிக் செய்து டிஸேபிள் கொடுங்கள். ஆன்டிவைரஸை மட்டும் தொடாதீர்கள்.

மேக் வைத்திருப்பவர்கள் சிஸ்டம் செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் லாகின் ஐட்டம்ஸ் போய் பிளஸ் குறியை அழுத்திச் சேர்க்கலாம்.