பினாங்கிலிருந்து ஊருக்கு இணையம் வழியாகப் பேசுவது எப்படி? முதல் முறை முயல்பவர்களுக்கான செய்முறை

பினாங்கில் தமிழ்க் குடும்பம் என்றால் கடலுக்கு அந்தப் பக்கம் யாராவது இருப்பார்கள். காரைக்குடியில் அத்தை, கடையநல்லூரில் மாமனார் வீடு, யாழ்ப்பாணத்தில் பெரியம்மா, துபாயில் தம்பி, லண்டனில் படிக்கும் மகள். லெபோ பசார் பக்கம் உணவுக்கடைகளில் வேலை பார்க்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கோ மொத்தக் குடும்பமும் அங்கேதான். இவர்களோடு பேச இன்று பெரிதாகச் செலவு செய்ய வேண்டியதில்லை. அப்படியிருந்தும் சாதாரண லைனில் 00 போட்டு அழைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை போட்ட ரீலோட் ஞாயிற்றுக்கிழமையே தீர்ந்துவிட்டது என்று சொல்பவர்களை இன்னும் பார்க்கிறேன். நம் போனில் செயலியை ஏற்றிக்கொள்கிறோம், அந்தப் பக்கத்துப் போன் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. பெரும்பாலும் அங்கேதான் காரியம் கெடுகிறது. அதனால் அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்குவோம்.

படி 1: எதிர்முனையில் இருப்பது என்ன போன்?

இணையம் வழியாகப் பேச இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, செயலியிலிருந்து செயலிக்கு. இரண்டு பேரிடமும் ஸ்மார்ட்போன், இணையம், ஒரே செயலி மூன்றும் இருக்க வேண்டும். இருந்தால் டேட்டாவைத் தவிர வேறு செலவில்லை. இரண்டாவது, செயலியிலிருந்து சாதாரண எண்ணுக்கு. எதிர்முனையில் பட்டன் போனோ வீட்டு லைனோ இருந்தால் போதும், அவர்களுக்கு இணையமே தேவையில்லை. ஆனால் இதற்கு நிமிடக் கணக்கில் காசு உண்டு.

யாருக்கு எந்த வழி என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே வீட்டில்கூட இரண்டும் தேவைப்படலாம். அத்தையிடம் பட்டன் போன் இருக்கும், அவர் பேரனிடம் ஸ்மார்ட்போன் இருக்கும். பேரன் கல்லூரிக்குப் போகிற நேரம், வீடு திரும்புகிற நேரம் இரண்டையும் கேட்டு வைத்துக்கொண்டால் பாதி அழைப்புகளை இலவச வழியிலேயே முடித்துவிடலாம்.

படி 2: எண்ணைச் சரியாகச் சேமியுங்கள்

எண்ணுக்கு முன்னால் கூட்டல் குறி, அடுத்து நாட்டுக் குறியீடு, அப்புறம் எண். உள்ளூரில் முதலில் போடும் 0 இங்கே வராது. இந்தியாவுக்கு +91, இலங்கைக்கு +94, பிரிட்டனுக்கு +44, ஐக்கிய அரபு அமீரகத்துக்கு +971. இந்தியக் கைப்பேசி என்றால் +91 போட்டுப் பத்து இலக்கம். மதுரை வீட்டு லைன் 0452 என்று தொடங்கினால் நீங்கள் சேமிக்க வேண்டியது +91 452. யாழ்ப்பாணத்து 021, +94 21 ஆகும். உங்கள் எண்ணையும் அவர்கள் இப்படித்தான் சேமிக்க வேண்டும்: 016 என்று தொடங்கும் கைப்பேசி +60 16, பினாங்கு வீட்டு எண் 04 என்றால் +60 4. 0-வை எடுக்காமல் சேமித்துவிட்டு, "செயலியில் பெரியம்மா பெயரே வரவில்லை" என்று தேடுபவர்கள் நிறைய.

படி 3: இலவச வழி, இரண்டு பக்கமும்

எந்தச் செயலி நல்லது என்று அலசுவதைவிட, அவர்கள் ஏற்கெனவே எதைப் பயன்படுத்துகிறார்களோ அதையே நீங்களும் ஏற்றிக்கொள்ளுங்கள். வயதானவர்களைப் புதிதாக ஒன்று கற்றுக்கொள்ளச் சொல்வது நியாயமில்லை. நாம்தான் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலும் வாட்ஸ்அப். இலங்கையில் வைபர், இமோ வைத்திருப்பவர்களும் உண்டு. அமீரகத்தில் மட்டும் கவனம்: அங்கே வாட்ஸ்அப்பில் செய்தி போகும், குரல் அழைப்பும் வீடியோ அழைப்பும் அந்நாட்டு விதிப்படி தடுக்கப்பட்டிருக்கின்றன. போட்டிம் போல அங்கே அனுமதி பெற்ற செயலியைத் தம்பி வைத்திருப்பார், நீங்களும் அதை ஏற்றிக்கொள்ளுங்கள். மற்ற நாடுகளில், இரு பக்கமும் ஐபோன் என்றால் ஃபேஸ்டைம் போதும்.

வாட்ஸ்அப்பை வைத்தே மீதியைச் சொல்கிறேன். பிளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ இறக்கி, உங்கள் எண்ணைக் கொடுங்கள். குறுஞ்செய்தியில் ஆறு இலக்கக் குறியீடு வரும், அதை உள்ளிடுங்கள். முதல் அழைப்பின்போது மைக்ரோபோனுக்கு அனுமதி கேட்கும், "அனுமதி" என்று கொடுங்கள். அந்தப் பக்கத்துப் பெரியவர் பதறிப்போய் "வேண்டாம்" என்று அழுத்தியிருந்தால் அவர் பேசுவது உங்களுக்குக் கேட்காது. போன் பழுதாகவில்லை. அமைப்புகளுக்குப் போய், செயலிகள், வாட்ஸ்அப், அனுமதிகள், மைக்ரோபோன் என்ற வரிசையில் திறந்துவிட்டால் சரியாகிவிடும்.

இப்போது அழைத்துப் பாருங்கள். பெயருக்குக் கீழே திரையில் வரும் சிறிய சொல்லைக் கவனியுங்கள். முதலில் "காலிங்" என்று வரும். அவர்கள் போனை உங்கள் அழைப்பு எட்டியதும் அது "ரிங்கிங்" என்று மாறும். மாறிய பிறகும் எடுக்கவில்லை என்றால் அவர்கள் அடுப்படியில் இருக்கிறார்கள், கொஞ்சம் பொறுத்து அழைக்கலாம். கடைசி வரை "காலிங்" என்றே நின்றால் அழைப்பு அவர்கள் போனுக்குப் போகவே இல்லை. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல், "பெரியம்மா வேண்டுமென்றே எடுக்கமாட்டேன் என்கிறார்" என்று மனஸ்தாபம் வரை போன வீடுகள் உண்டு.

"காலிங்" என்றே நிற்பதற்கு மூன்று காரணங்களைத் தேடுங்கள். ஒன்று, அங்கே இணையம் இல்லை: ப்ரீபெய்டு பேக் முடிந்திருக்கும், அல்லது யாரோ டேட்டாவை அணைத்து வைத்திருப்பார்கள். இரண்டு, போனே அணைந்திருக்கும். மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது, பேட்டரிச் சிக்கனம். நிறைய ஆண்ட்ராய்டு போன்கள், கொஞ்ச நேரம் திறக்காத செயலிகளைப் பின்னணியில் நிறுத்திவிடும். வாட்ஸ்அப்பை அடிக்கடி திறக்கும் நமக்கு அது தெரியாது. எப்போதாவது தொடும் பெரியவர் போனில் அழைப்பு மணியே அடிக்காது. அதற்கு அமைப்புகளில் செயலிகள், வாட்ஸ்அப், பேட்டரி என்று போய் "அன்ரெஸ்ட்ரிக்டட்" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போன் கம்பெனிக்கு ஏற்ப இந்தப் பெயர்கள் கொஞ்சம் மாறும், ஆனால் எல்லாவற்றிலும் இப்படி ஒன்று இருக்கும். கூடவே வாட்ஸ்அப் அறிவிப்புகள் திறந்திருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் பெரியம்மாவைச் செய்யச் சொல்லாதீர்கள். அவர் பேரன் வீட்டில் இருக்கும் நாளில் அவன் போனுக்கு வீடியோ அழைப்பு போட்டு, பெரியம்மாவின் போன் திரையைக் காட்டச் சொல்லி, ஒவ்வொன்றாக நீங்களே சொல்லிக்கொடுங்கள். முடிந்ததும் உங்கள் உரையாடலுக்கு முகப்புத் திரையில் ஒரு குறுக்குவழி வைக்கச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பில் அந்த வசதி இருக்கிறது. உங்கள் முகம் திரையிலேயே இருக்கும், பெரியம்மா அதைத் தொட்டால் உங்கள் உரையாடல் திறக்கும், அங்கே அழைப்புக் குறியைத் தொட்டால் போதும்.

படி 4: டேட்டா எவ்வளவு போகும்?

குரல் அழைப்புக்கு நிமிடத்துக்கு 1 எம்பி என்று தாராளமாகவே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், பொதுவாக அதைவிடக் குறைவாகவே ஆகும். அந்தக் கணக்கிலேயே 1 ஜிபியில் ஏறக்குறைய 17 மணி நேரம் பேசலாம். வீடியோ போட்டால் இதைவிடப் பல மடங்கு போகும், அதை வீட்டு வைஃபையில் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் அமைப்புகளில் "சேமிப்பகமும் டேட்டாவும்" என்ற பகுதியில், அழைப்புகளுக்குக் குறைந்த டேட்டா என்று ஒரு பொத்தான் இருக்கிறது. ஊரில் சிக்னல் மோசம் என்றால் இரண்டு பக்கமும் அதைத் திறந்து வையுங்கள். "வாட்ஸ்அப் அன்லிமிடெட்" என்று விற்கும் பேக் வாங்குகிறவர்கள், அதில் அழைப்பும் சேருமா, செய்தி மட்டுமா என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

படி 5: பட்டன் போனுக்கும் வீட்டு லைனுக்கும்

இந்த வேலைக்கு நம்மில் பலர் நம்பியிருந்தது ஸ்கைப். 2003-ல் வந்தது, 2011-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, 2025 மே 5 அன்று மூடப்பட்டது. ஸ்கைப்பில் கிரெடிட் போடச் சொல்லும் பழைய விளக்கங்கள் இனி உதவாது. இன்று இதே வேலையைச் செய்பவை வைபர் அவுட், ரெப்டெல், யோலா போன்றவை.

உங்கள் குரல் இணையம் வழியாக ஒரு நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து அந்நாட்டுத் தொலைபேசி வலையில் ஏறி, சாதாரண அழைப்பாக அத்தையின் போனில் மணி அடிக்கும். கடைசிக் கட்டத்துக்கு அந்நாட்டு நிறுவனம் ஒரு கட்டணம் வாங்கும். நாட்டுக்கு நாடு விலை மாறுவதற்கும், சில நாடுகளில் கைப்பேசிக்கு ஒரு விலை, வீட்டு லைனுக்கு வேறு விலை என்று இருப்பதற்கும் அதுவே முக்கியக் காரணம்.

காசு போடுவதற்கு முன் விலைப் பக்கத்தில் பாருங்கள்: நீங்கள் அழைக்கப்போகும் அதே வகை எண்ணுக்கு நிமிடம் எவ்வளவு, விலை ரிங்கிட்டிலா அமெரிக்க டாலரிலா, இணைப்புக் கட்டணம் தனியாக உண்டா, போட்ட காசு எத்தனை நாளில் காலாவதியாகும், முழு நிமிடமாக உயர்த்திக் கணக்கிடுகிறார்களா. முழு நிமிடக் கணக்கு என்றால் 1 நிமிடம் 5 விநாடி பேசினாலும் 2 நிமிடத்துக்குக் காசு. அடிக்கடி சுருக்கமாகப் பேசுகிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். மாதச் சந்தா, அளவில்லா அழைப்பு என்று பெரிய எழுத்தில் வருவதை முதல் மாதமே வாங்க வேண்டாம். இருப்பதிலேயே சின்னத் தொகையைப் போடுங்கள். காசு குறைந்ததும் தானாகக் கார்டிலிருந்து எடுக்கும் தானியங்கி ரீலோட் வசதி முன்கூட்டியே திறந்திருக்கலாம், அதை அணைத்துவிடுங்கள். உங்கள் சொந்தக் கைப்பேசி நிறுவனத்தின் ஐடிடி (சாதாரண லைனில் வெளிநாட்டு அழைப்பு) விலையையும் ஒருமுறை ஒப்பிடுங்கள். சில நாடுகளுக்கு அதுவே மலிவாக இருந்துவிடும்.

இன்னொன்று. செயலி உங்கள் எண்ணைச் சரிபார்க்கக் கேட்டால் செய்துகொள்ளுங்கள், அப்போதுதான் அந்தப் பக்கம் உங்கள் +60 எண் தெரிய வாய்ப்பு அதிகம். இல்லாவிட்டால் ஏதோ ஒரு நாட்டு எண் காட்டும், பெரியவர்கள் பயந்து எடுக்கமாட்டார்கள். அவர்கள் பயப்படுவது சரிதான். வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டு இந்திய எண்போல வேடம் போடும் அழைப்புகளைத் தடுக்க, 2024 அக்டோபரில் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை ஒரு ஏற்பாட்டையே தொடங்கியது. அதனால் முதல் அழைப்புக்கு முன் பேரனிடம் சொல்லி வையுங்கள்: "இன்று ஆறரை மணிக்குத் தெரியாத எண்ணில் நான்தான் அழைப்பேன்." இந்தியாவும் இலங்கையும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். நம் இரவு 9 மணி அங்கே மாலை 6.30.

படி 6: குரல் வெட்டினால், எதிரொலித்தால்

வீட்டில் 100 எம்பிபிஎஸ் லைன் போட்டிருக்கிறோம், ஏன் குரல் வெட்டுகிறது என்று கேட்பார்கள். குரலுக்கு அவ்வளவு வேகம் தேவையே இல்லை, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். தேவைப்படுவது சீரான ஓட்டம். செயலி உங்கள் பேச்சைப் பொதுவாக 20 மில்லி விநாடித் துண்டுகளாக நறுக்கி, ஒரு விநாடிக்கு 50 பொட்டலங்களாக அனுப்புகிறது. தாமதமாக வந்து சேரும் பொட்டலத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, விட்டுவிடும். "சாப்பிட்டீங்களா" என்பதில் நடுவெழுத்து காணாமல் போவது அதனால்தான். எனவே பேசும்போது ரூட்டர் இருக்கும் அறைக்கு வாருங்கள், பிள்ளைகள் பெரிய விளையாட்டு எதையாவது இறக்கிக்கொண்டிருந்தால் நிறுத்தி வையுங்கள். பிளாட்டில் சுவர் தாண்டி வைஃபை தள்ளாடுகிறது என்றால், அதை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் முயலுங்கள், பல நேரம் அது நன்றாக இருக்கும்.

ஒருவர் பேச்சு மற்றவரை எட்ட 150 மில்லி விநாடிக்குள் ஆனால் இயல்பாகப் பேசலாம் என்பது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதைத் தாண்டத் தாண்ட இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிடுவீர்கள். அப்படி ஆனால் சத்தம் போடாமல், ஒரு வாக்கியம் முடித்துக் கொஞ்சம் நிறுத்திப் பேசுங்கள்.

உங்கள் குரலே உங்களுக்குத் திரும்பக் கேட்கிறதா? கோளாறு பெரும்பாலும் அந்தப் பக்கம். அவர்கள் ஸ்பீக்கரில் வைத்திருப்பார்கள், உங்கள் குரல் அவர்கள் மைக்கில் ஏறித் திரும்பி வருகிறது. ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லுங்கள், அல்லது மைக் வைத்த சாதாரண இயர்போன் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். ஊருக்குப் போகிறவர்கள் கையில் ஒன்று கொடுத்துவிடுங்கள்.

படி 7: இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்

குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். சொந்தக்காரர் எண்ணிலிருந்தே கேட்டு வந்தாலும் சரி, அவர் கணக்கையே யாரோ பிடித்திருக்கலாம். வாட்ஸ்அப்பில் "இரண்டு படிச் சரிபார்ப்பு" என்பதைத் திறந்து ஒரு ரகசிய எண் (பின்) வையுங்கள், ஊரில் உள்ளவர்கள் போனிலும் வையுங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் தயங்காமல் உடனே 997-ஐ அழையுங்கள், அது மலேசியாவின் தேசிய மோசடி உதவி மையம். ஆம்புலன்சுக்கும் போலீசுக்கும் 999-ஐ இந்தச் செயலிகளை நம்பி அழைக்காதீர்கள், அதற்குப் போனின் சாதாரண லைன்தான். அதனால் சிம் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.